கிளாஸ்ல குடுங்க பாய்

சூடான டீ என்றால் என்னவென்று மாரிக்கனிக்குத் தெரிந்தபோது அவளுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அதுவரை அவள் டீ குடிக்காதவள் இல்லை. டீக்கென்றே பிறந்தவள் என்று பெற்ற தாயே திட்டியிருக்கிறாள். ஆனால் குடித்ததெல்லாம் ஆறிய டீ. இதைச் சொன்னால் ஆண்களுக்குப் புரியாது. "ஆறிப்போனா சுட வச்சுக் குடிக்க வேண்டியதுதான" என்பார்கள். சுட வைத்த டீயை அவர்கள் ஒரு வாரம் குடித்துவிட்டு வந்து பேசட்டும்.

நான் வெள்ளத்தாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் அபுபக்கர் பாயின் டீக்கடையை ஒட்டி எனக்கு ஒரு பூக்கடை. கடை என்றால் ஒரு மேசை, ஒரு வாளித் தண்ணீர், மேலே ஒரு தார்ப்பாய், அவ்வளவுதான். மாரிக்கனி எங்கள் தெருக்காரி. அவள் கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் பிறந்தது சேத்தூரில். அவளுடைய அப்பாவுக்கு வயலுக்குப் போகுமுன் கடை டீ வேண்டும். தூக்குச்சட்டியைக் கொடுத்து மாரிக்கனியை அனுப்புவார். கடையில் ஆண்கள் கிளாஸைப் பிடித்து, நுரையை ஊதி, உறிஞ்சி, "ஆ" என்று ஒரு சத்தம் விடுவதை அவள் தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பாள். தூக்கு நிறைந்ததும் கிளம்ப வேண்டும். கடை கண்ணுக்கு மறைந்த பிறகு மூடியைத் திறந்து, அதிலேயே கொஞ்சம் ஊற்றிக் குடித்துவிட்டு, வாயைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அதற்குள் நுரை போயிருக்கும், சூடும் பாதி போயிருக்கும். "தளும்பிருச்சுப்பா" என்பாள். "ரோடு நல்லாத்தானே கெடக்கு" என்பார் அப்பா. அதற்கு மேல் கேட்க மாட்டார்.

சிவனாண்டியைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தாள். அவர் பட்டாளத்தில் இருந்தார். வீடு நிறைய ஆட்கள். காலையில் எழுந்ததும் பெரிய பாத்திரத்தில் டீ போடுவது அவள் வேலை. மாமனாருக்கு, மாமியாருக்கு, புருஷனின் அண்ணனான மூத்தாருக்கு, அவர் பிள்ளைகளுக்கு, வாசலில் வந்து நிற்கிறவர்களுக்கு என்று ஊற்றிக் கொடுத்து, கடைசியில் அடியில் தூளோடு நிற்பது அவளுடையது. அதையும் டம்ளரில் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோகும்போது யாராவது கூப்பிடுவார்கள். திரும்பி வந்து பார்த்தால் டீயின் மேல் ஆடை படிந்திருக்கும். சுட்டுவிரலால் அதை ஒதுக்கி எடுத்து, ஜன்னல் வழியாக உதறிவிட்டு, ஒரே மடக்கில் விழுங்குவாள். அதற்குப் பெயர் குடிப்பது இல்லை. மருந்து சாப்பிடுவது.

ராஜபாளையத்தில் நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாளே, அங்கேயாவது கிடைத்ததா? அங்கே டீ கேனில் வரும். டீ வருகிற நேரம் பார்த்து நூல் அறுந்து தொலைக்கும். மெஷின் டீக்காக நிற்காது. அறுந்ததை எல்லாம் ஒட்டிவிட்டு அவள் வரும்போது டம்ளரில் ஆடையோடு பஞ்சும் மிதக்கும். "டீ குடிச்சியாக்கா?" என்று கேட்டால், "குடிச்சேன், தின்னேன், ரெண்டும் ஆச்சு" என்பாளாம். அவளுக்கு வாய் எப்போதும் உண்டு. சூடுதான் இல்லை.

அதற்கு வழி செய்தது சிவனாண்டியின் கால். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர், மூட்டையோடு சேர்ந்து கீழே விழுந்து எலும்பை முறித்துக்கொண்டார். ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் படுக்கை. மறுநாள் காலை மாரிக்கனி பிளாஸ்க்கோடு கீழே இறங்கினாள். வாசலில் டீக்கடை. அதன் முன்னால் பெண்கள் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். நம் ஊரில் பெண்கள் டீக்கடையில் குடிக்கலாம் என்றால் அது ஆஸ்பத்திரி வாசலில் மட்டும்தான். அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. துணைக்கு வந்தவள், ராத்திரி முழுக்கத் தூங்காதவள், குடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். நம் ஊர் இரக்கத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது. அது ஆஸ்பத்திரி காம்பவுண்டோடு முடிந்துவிடும்.

மாரிக்கனி ஒரு கிளாஸ் வாங்கினாள். நுரை கிளாஸின் வாய் வரை நின்றது. ஊதினாள். உறிஞ்சினாள். சேத்தூர்க் கடையில் பார்த்த ஆண்களைப் போலவே அவளை அறியாமல் ஒரு "ஆ" வந்தது.

"நாக்கு வெந்துபோச்சு வெள்ளத்தாயி" என்று ஊருக்கு வந்ததும் என்னிடம் சொன்னாள். "அம்புட்டு சந்தோசம். அவியளுக்குக் கால் ஒடைஞ்சதுல எனக்கு ஒரு நல்லது."

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்று சிவனாண்டி சிரித்துக்கொண்டே ஆட்டோவில் ஏற, இவள் டீக்கடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினாளாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அவள் சிரிக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

மறுவாரம், மில் பஸ்ஸுக்குப் போகும் முன், சாப்பாட்டுப் பையோடு அபுபக்கர் பாய் கடை முன்னால் வந்து நின்றாள்.

பாய் வழக்கம்போல, "எத்தனை பார்சல் தங்கச்சி?" என்றார்.

"பார்சல் இல்ல. கிளாஸ்ல குடுங்க பாய்."

பெஞ்சில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். "உக்காருங்க தாயி" என்று சொல்லிவிட்டு, கிளாஸைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றார்கள். பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு மரியாதை என்று தோன்றும். எனக்கு எரிச்சலாக வந்தது. யாராவது முறைத்தால் பதிலுக்கு முறைக்கலாம். எழுந்து நின்று மரியாதை செய்கிறவர்களை என்ன செய்வது? அவளைச் சீக்கிரம் அனுப்பிவைக்க அதைவிட நல்ல வழி இல்லை. பாய் தன் பங்குக்கு, அவள் சட்டென்று குடித்துவிட்டுப் போகட்டும் என்று இரக்கப்பட்டு, டீயை ஆற்று ஆற்று என்று ஆற்றினார்.

"பாய், ஆத்தாதீக" என்றாள் மாரிக்கனி. "ஆறின டீ எங்க வீட்டுலயே இருக்கு."

மறுநாளும் வந்தாள். மறுநாளும் எழுந்தார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஆண்களின் மரியாதை எவ்வளவு தூரம் போகும் என்று நானும் பூக்கட்டிக்கொண்டே பார்த்தேன். மழைக்காலம் வரைதான் போனது. ரோட்டோரம் நின்று நனைந்துகொண்டே குடிக்க எவனுக்கு ஆசை? ஒருவர் எழாமல் இருந்தார், பிறகு இன்னொருவர். கடைசியில் பெஞ்சின் தெற்கு மூலை மாரிக்கனிக்கு என்று ஆகிப்போனது. அவள் வந்தால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள்.

சிவனாண்டி மட்டும் ஒருநாள் கேட்டார். "ஏட்டி, வீட்டுல டீத்தூள் இல்லையா?"

"இருக்கு."

"பாலு?"

"இருக்கு."

"பொறவு என்ன?"

"சூடு இல்ல."

பட்டாளத்தில் எத்தனையோ பார்த்த மனிதர், பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் வெங்கடேஸ்வரிக்குச் சம்பந்தம் வந்தது. வெங்கடேஸ்வரி மாரிக்கனியின் ஒரே மகள். கல்லூரியில் கூடப் படித்த ஹரிகிருஷ்ணனை அவளுக்குப் பிடித்திருந்தது. வன்னியம்பட்டிப் பையன், இப்போது பட்டாளத்தில் இருக்கிறான். நம் சனம், நல்ல குடும்பம், நிலம் நீச்சு உண்டு. இரண்டு வீட்டிலும் மறுப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. பையனின் அம்மா பிச்சையம்மாள் காதுக்கு யாரோ செய்தி கொண்டுபோய்விட்டார்கள். பெண்ணின் தாய் கடைத்தெருவில் ஆண்களோடு உட்கார்ந்து டீ குடிக்கிறவளாம். அது உண்மையென்றால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அந்த அம்மா சொல்லிவிட்டதாகப் பேச்சு வந்தது. அந்த வீட்டில் பிச்சையம்மாள் வைத்ததுதான் சட்டம்.

வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். இப்போது தனிக்குடித்தனம் போய்விட்ட சிவனாண்டியின் அண்ணன் வீட்டுக்கே வந்து குதித்தார். "அவிய பழைய ஆளுக. பேச்சு முடியாம பொண்ணு வீட்டுப் பச்சத்தண்ணி தொட மாட்டாக. கை நனைச்சிட்டா சம்மதம்னு அர்த்தம், அம்புட்டுக் கட்டுப்பாடு. இதுல நீ பெஞ்சுல உக்காந்து டீ குடிக்கேன்னா எவன் பொண்ணு எடுப்பான்?"

அவர் குதித்ததை மாரிக்கனி சட்டை செய்யவில்லை. மகள் வந்து மடியில் கைவைத்து, "எம்மா, கல்யாணம் முடியிற வரைக்கும் கடைக்குப் போகாதம்மா. எனக்காக" என்றபோதுதான் உடைந்துபோனாள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

என் கடைக்கு வந்து உட்கார்ந்து, உதிரிப்பூவை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டே பேசினாள். "கல்யாணம் முடியிற வரைக்கும்னு சொல்லுதா. பொறவு, சம்பந்திமாரு என்ன நெனைப்பாகன்னு வரும். பொறவு, பேரன் பேத்தி பொறக்கட்டும்னு வரும். நான் இப்ப எந்திரிச்சா எந்திரிச்சதுதான் வெள்ளத்தாயி. திரும்ப அந்த பெஞ்சுல உக்கார முடியாது."

"அப்ப எந்திரிக்காத" என்றேன்.

"மக வாழ்க்கையவிட டீ பெருசா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பிச்சையம்மாள் மேல், சிவனாண்டியின் அண்ணன் மேல், அந்த வெங்கடேஸ்வரி மேலும்கூட.

வியாழக்கிழமை காலை கடைசியாக ஒரு டீ குடிக்க வந்தாள். "இன்னையோட சரி பாய்" என்றாள். அபுபக்கர் பாய் கிளாஸை வெந்நீரில் அலசி, புதுப் பால் ஊற்றி, கை உயரத்துக்குத் தூக்கி ஒரே ஆற்று ஆற்றி, நுரை தளும்பக் கொண்டுவந்து அவள் கையிலேயே கொடுத்தார். எப்போதும் பெஞ்சில் வைத்துவிட்டுப் போகிறவர் அவர். அவள் தெற்கு மூலையில் உட்கார்ந்து மெதுவாக ஊதினாள். அன்றைக்கு அவளுக்கு அவசரமே இல்லை.

அப்போது ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டியும் சட்டையுமாக ஒரு பெரியவர் இறங்கி இரண்டு டீ சொன்னார். தனக்கு கிளாஸில், இன்னொன்று பேப்பர் கப்பில். கப்பைக் கொண்டுபோய்ப் பின்சீட்டில் இருந்த அம்மாளிடம் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு வந்து, பெஞ்சில் மாரிக்கனியிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். கடையைச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

சம்பந்தம் பேசுகிறவர்கள் முன்கூட்டி வந்து பெண் வீட்டுத் தெரு டீக்கடையில் விசாரிப்பது நம் பக்கத்து வழக்கம். அப்படி வருகிறவர்களை நான் நூறு அடி தள்ளி வரும்போதே கண்டுபிடித்துவிடுவேன். தேவைக்கு மேல் சர்க்கரை கேட்பார்கள், டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருப்பார்கள். இவர் தங்கச்சாமி, ஹரிகிருஷ்ணனின் அப்பா என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் விசாரிக்க வந்தவர் என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் தெருவின் வண்டவாளம் எல்லாம் தெரிந்த பூக்காரி நான் இருக்கிறேன். என்னிடம் கேட்டிருக்கலாம். அவர் போய்க் கேட்ட ஆளைப் பாருங்கள்.

"அம்மா, வணக்கம். நீங்க இந்த வார்டு கவுன்சிலருங்களா?"

மாரிக்கனிக்குப் புரை ஏறியது. "ஏன் அண்ணாச்சி கேக்கிய?"

"இல்ல, ஒரு பொம்பளை இப்படிக் கடையில உக்காந்து தைரியமா டீ குடிக்கிய. ஆம்பளைகளும் பேசாம இருக்காக. பெரிய பொறுப்புல உள்ள ஆளாத்தான் இருக்கணும்னு நெனைச்சேன்."

பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். மாரிக்கனி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெரியவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு விசாரணை. இந்தத் தெருவுல சிவனாண்டின்னு பட்டாளத்துக்காரர். குடும்பம் எப்படி?"

"நல்ல குடும்பந்தான்."

"பொண்ணு?"

"தங்கமான பொண்ணு."

"அது எங்க பயலே சொல்லிட்டான். பொண்ணோட அம்மாவப் பத்தித்தான் கேக்க வந்தோம். அந்தம்மா கடையில உக்காந்து டீ குடிக்குமாமே, நெசமா?"

கையில் கிளாஸோடு உட்கார்ந்திருக்கிறவளிடம்தான் அந்த மனிதர் இதைக் கேட்டார். எனக்குப் பூ கட்டிய கை நின்றுவிட்டது. பாய் டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, பெரியவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து மாரிக்கனியைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பொய் சொல்லச் சொல்கிறாரா, உண்மையைச் சொல்லச் சொல்கிறாரா என்று எனக்கே விளங்கவில்லை.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவள் எழுந்து போயிருக்கலாம். நாளைக்கு வீட்டில் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்ற பயம் இருந்ததாம். ஆனால் அவளை நிறுத்தியது அது இல்லை. அந்த நேரத்தில் அவள் பார்வை காருக்குப் போனது. பின்சீட்டில் இருந்த அம்மாள் பேப்பர் கப்பை மடியில் வைத்துக்கொண்டு, சுட்டுவிரலால் டீயின் மேலிருந்த ஆடையை ஒதுக்கி எடுத்து, ஜன்னலுக்கு வெளியே உதறினாள்.

மாரிக்கனி மிச்சமிருந்த டீயை ஊதி ஊதிக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள்.

"நெசந்தான் அண்ணாச்சி. அந்த மாரிக்கனி நான்தான். நாளைக்கு நீங்க வாரது எங்க வீட்டுக்குத்தான்."

தங்கச்சாமி எழுந்த வேகத்தில் அவருடைய டீ பாதி வேட்டியில் கொட்டியது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். மாரிக்கனி அவரைத் தாண்டி நேராகக் காருக்குப் போனாள். நானும் மேசையை விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். பூவை எவன் எடுத்தாலும் எடுக்கட்டும்.

"மதினி, அது ஆறிப்போச்சு" என்றாள் ஜன்னலில் குனிந்து. "எறங்கி வாங்க. சூடா ஒண்ணு குடிக்கலாம்."

பிச்சையம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ யாரு?"

"வெங்கடேஸ்வரியோட அம்மா. கடையில டீ குடிக்கிறவ."

"எங்க ஊர்ல பொம்பளைக இப்படிக் கடையில உக்காந்து குடிக்கிறதில்ல."

"எங்க ஊர்லயும் இல்ல மதினி. நான் ஒருத்திதான்."

போச்சு, எல்லாம் போச்சு, அந்தப் பிள்ளையின் கல்யாணம் நடுரோட்டில் முடிந்தது என்று நினைத்தேன். மாரிக்கனியின் முகத்தைப் பார்த்தேன். அவளும் பயந்துதான் போயிருந்தாள். ஆனால் ஜன்னலை விட்டு நகரவில்லை. பிச்சையம்மாள் கப்பைப் பார்த்தாள். கடையைப் பார்த்தாள். பாயின் கையில் நுரையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்த டீயை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சூடா இருக்குமா?" என்றாள்.

"நாக்கு வெந்துரும்."

கார்க் கதவு திறந்தது. அந்த அம்மாள் எங்களோடு நடந்து வந்து கப்பைத் தன் புருஷன் கையில் திணித்தாள். பெஞ்சில் இருந்த ஆண்கள் பழைய ஞாபகத்தில் எழப்போனார்கள். "யாரும் எந்திரிக்காதீக" என்றாள் மாரிக்கனி. "செத்த தள்ளி உக்காருங்க, போதும்."

கல்யாணம் நன்றாக நடந்தது. டீக்கடையில் நடந்தது தெரிந்து வெங்கடேஸ்வரி அன்று மாலையே அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சிவனாண்டியின் அண்ணன் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தார். மாரிக்கனியை எங்கள் தெரு இப்போது கவுன்சிலரம்மா என்றுதான் கூப்பிடுகிறது. அந்த பெஞ்சில் இப்போது நானும் குடிக்கிறேன், மில் பஸ்ஸுக்குப் போகிற பெண்களும் குடிக்கிறார்கள். பாய் இன்னொரு பெஞ்சு வாங்கிப் போட்டிருக்கிறார். ஆனால் எனக்கு இவற்றையெல்லாம்விட அந்த வியாழக்கிழமைதான் பெரிது.

பிச்சையம்மாள் கிளாஸை முந்தானையால் பிடித்துக்கொண்டாள். நுரையை ஊதினாள். ஒரு வாய் உறிஞ்சினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஆ" என்றாள்.

அப்போதுதான் தங்கச்சாமிக்கு உறைத்தது. "ஏ பிச்சை! பேச்சு முடியல, ஒண்ணும் முடியல. பொண்ணு வீட்டுக்காரக வாங்கிக் குடுத்ததக் குடிச்சு கை நனைச்சிட்டியே!"

பிச்சையம்மாள் மிச்சத்தையும் நிதானமாகக் குடித்து முடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மாரிக்கனியை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆமா, நனைச்சாச்சு" என்றாள். "நாளைக்கு வெறும் பேச்சுக்கு வர வேணாம். பூ வச்சு உறுதி பண்ணிட்டு வருவோம். பூவக்கூட இந்த அம்மாகிட்டயே வாங்கிக்கிடலாம்."

மாரிக்கனி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், எதுவென்று எனக்குத் தெரியவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். பிச்சையம்மாள் காலி கிளாஸைப் பாயிடம் நீட்டினாள்.

"இன்னொண்ணு போடுங்க பாய். கிளாஸ்லயே குடுங்க."

பெஞ்சில் இடமில்லை. ரோட்டோரமாக நின்ற தங்கச்சாமி, கையிலிருந்த பேப்பர் கப்பை வீணாக்க மனமில்லாமல், சுட்டுவிரலால் ஆடையை ஒதுக்கிவிட்டு அந்த டீயைக் குடித்தார்.